ஸ்நார்க்கெல் கவிதைகள்

சென்ற இதழில் வெளிவந்த நண்பரின் தீவுப் பயணக் கட்டுரையையும் அதைத் தொடர்ந்து அச்சான ஏழு கவிதைகளையும் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடத்தான் நினைத்தேன். சுமாரான கவிதைகள் வருவது எந்தச் சிறு பத்திரிகைக்கும் நேரக்கூடியதுதான். பக்கம் நிரம்ப வேண்டுமே. ஆனால் அவற்றுக்குக் கிடைத்திருக்கும் பாராட்டு என்னை எழுத உட்கார வைத்துவிட்டது. நம் வட்டமே மொத்தம் முப்பது பேர். அதில் நாலு பேர் கூடி, தமிழ்க் கவிதையில் கடல் முதன்முறையாகக் கருத்துகளின் பிடியிலிருந்து விடுபட்டு வெறும் கடலாக வந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கவிதைகளால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. இந்தத் தீர்ப்பால் உண்டு. நண்பர் எனக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். இதற்குப் பிறகும் அப்படியே இருப்பார் என்று நம்புகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக: ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்து ஏர்லி பீச் என்ற சிறு ஊரிலிருந்து விட்ஸண்டே தீவுகளுக்குப் படகுகள் போகின்றன. தீவுகள் 74. முதுகில் ஒரு பையோடு உலகம் சுற்றுகிற பேக்பேக்கர் இளைஞர்கள் இருபது முப்பது பேரை, பந்தயங்களில் ஓடி ஓய்வுபெற்ற பெரிய பாய்மரப் படகொன்றில் ஏற்றி, இரண்டு பகல் இரண்டு இரவு சுற்றிக் காட்டிவிட்டுக் கரை சேர்ப்பார்கள். அடுக்குப் படுக்கை. அட்டைப்பெட்டியில் அடைத்து வரும் மலிவு ஒயின். மேல்தளத்தில் காலணிக்குத் தடை. பகலில் முகக்கண்ணாடி மாட்டி, மூச்சுக்குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, பவளத்திட்டுகளின் மேல் குப்புற மிதக்கலாம். அந்தக் குழாய்க்குத்தான் ஸ்நார்க்கெல் என்று பெயர். நண்பர் 2024 மார்ச்சில் போனார். நான் 2018 ஆகஸ்டில் போனேன். ஆகவே போகாதவனின் பொறாமை என்று யாரும் சொல்ல முடியாது.

கட்டுரையின் முதல் பத்தியிலேயே நண்பர் ஒரு பிரகடனம் செய்கிறார். போவதற்கு முன் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லையாம். வரைபடம் பார்க்கவில்லையாம். தகவல் என்பது அநுபவத்தின் மேல் படியும் தூசி என்பதால், தூசி படியாத கண்ணோடு கடலின் முன் நிற்க விரும்பினாராம். இது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. நம் எல்லோர் வீட்டுப் பரணிலும் கிடக்கிற சரக்கு. 1959இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து புதுக்கவிதை போட்ட சண்டைகளில் ஒன்று, செய்தி சொல்வதும் கவிதையும் ஒன்றல்ல என்பது. மேடைப் பேச்சை நாலு நாலு வரியாக மடக்கிப்போட்டுக் கவிதை என்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சண்டை அவசியமாக இருந்தது. அதில் ஜெயித்தும் ஆயிற்று. ஆனால் சண்டைக்கு எடுத்த கத்தியை இடுப்பிலிருந்து அவிழ்க்க மனமில்லாமல், காய் நறுக்கவும் முதுகு சொறியவும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறோம். செய்தி சொல்லாதே என்றது மெல்ல மெல்லச் செய்தி தெரிந்துகொள்ளாதே என்றாகிவிட்டது. தெரியாமை முதலில் ஒரு தகுதி ஆயிற்று. பிறகு தரிசனம் ஆயிற்று.

சரி, தூசி படியாத கண் எதைப் பார்த்தது?

மூன்றாவது கவிதை ஒயிட்ஹேவன் கடற்கரையைப் பற்றியது. விட்ஸண்டே தீவில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கண் கூசும் வெள்ளை மணல். அதைப் பவளங்களின் எலும்புத்தூள் என்கிறார் நண்பர். கோடானுகோடி மரணங்களின் மேல் வெறுங்காலோடு நடப்பதாகச் சொல்லி, அந்தப் படிமத்தை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் தன் தகப்பனாரின் சாம்பலில் கொண்டு சேர்க்கிறார். பாராட்டியவர்களில் இரண்டு பேர் இந்த இடத்தில் கண் கலங்கியிருக்கிறார்கள். அந்த மணல் பவளம் அல்ல. ஏறத்தாழ 98 சதவீதம் சிலிக்கா. கண்ணாடி செய்கிற சமாசாரம். உலகத்தில் பவள மணல் கொண்ட தீவுகள் எத்தனையோ உண்டு. அப்படி இல்லை என்பதுதான் இந்தக் கடற்கரையின் விசேஷமே. வெயிலில் அது காலைச் சுடாது. மிதித்தால் கீச்சென்று சத்தம் போடும். சத்தமும் சுடாமையும் நண்பரின் கவிதையில் இல்லை. எலும்பு இருக்கிறது.

கவிதையின் உண்மை வேறு, புவியியலின் உண்மை வேறு என்று உடனே சொல்வார்கள். எனக்கும் அந்த வாய்ப்பாடு தெரியும். மணல் எலும்புத்தூள் போல இருந்தது என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் இந்தக் கவிதை அப்படி எழுதப்படவில்லை. காலடியில் இருப்பது மெய்யாகவே எலும்புதான் என்ற நம்பிக்கையிலிருந்து அது தன் கனத்தைக் கடன் வாங்குகிறது. அந்தக் கனத்தை வைத்துத்தான் தகப்பனாரின் சாம்பலைத் தூக்குகிறது. வேறு ஏதோ கடற்கரையின் எலும்புகளை இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டு அதன் மேல் அழுகிறார். சரி, ஒரு வரிகூடப் படிக்காதவருக்கு இந்த எலும்புத்தூள் எங்கிருந்து கிடைத்தது? எங்கேயோ பார்த்த சினிமாவிலிருந்து, எப்போதோ படித்த வேறு தீவுக் கவிதையிலிருந்து. தூசி படியாத கண்ணில் யாரோ ஏற்கெனவே மணலைத் தூவியிருக்கிறார்கள்.

நான் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். படகில் நான்தான் வயசாளி. புறப்பட்ட ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்தவனும் நான்தான். படகைச் செலுத்திய பெண் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தாள். இழுத்தோம், வின்ச்சைச் சுற்றினோம், பாய் ஏறியது, எல்லோரும் கூவினோம். பாய் புடைத்து நின்றபோதும் அடியில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என் உள்ளங்கால்களுக்குத் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் குறித்த இடத்துக்குப் போய் நங்கூரம் போட வேண்டுமே. அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. காற்று எங்களைக் கொண்டுபோயிற்று என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று பக்கங்களில் 'நீலம்' என்ற சொல் பதினோரு தடவை வருகிறது. ஆக, நண்பரைக் குற்றம் சாட்டுகிறவனும் அதே குழாயைக் கவ்வியவன்தான்.

கூட வந்த இளைஞர்களைக் காலத்தைத் துறந்த நாடோடிகள் என்கிறார் நண்பர். என் படகில் ஒரு ஜெர்மன் பெண் இருந்தாள். போவன் என்ற பக்கத்து ஊரில் தக்காளி பறித்துவிட்டு வந்திருந்தாள். அவளுடைய விசாவை இரண்டாவது வருஷத்துக்கு நீட்ட வேண்டுமானால், நகரங்களுக்கு வெளியே பண்ணை மாதிரியான இடத்தில் 88 நாள் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். 2005இலிருந்து இருக்கிற ஏற்பாடு. அவளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. இந்தப் படகுப் பயணம் எத்தனை வாளித் தக்காளி என்று அவளுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் சொன்னாள். காலத்தைத் துறந்தவள் அல்ல, ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தவள். அந்தப் படகில் கவிதைக்கு அருகில் இருந்தவள் அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

'காலமற்ற' என்பது நண்பருக்கு மிகவும் பிடித்த சொல். காலமற்ற தீவுகள், காலமற்ற நீர். விட்ஸண்டே என்ற பெயரே ஒரு கிழமையின் பெயர், பெந்தெகொஸ்தே ஞாயிறு. 1770 ஜூனில் இந்தத் தீவுகளுக்கு நடுவே கப்பல் ஓட்டிக்கொண்டு போன ஜேம்ஸ் குக் அன்றைய திருநாளைப் பார்த்து வைத்த பெயர். பூமியை மேற்கு நோக்கிச் சுற்றி வந்ததில் நழுவிப்போன ஒரு நாளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் அன்று திங்கட்கிழமை என்கிறார்கள். பஞ்சாங்கப் பிழை ஒன்றையே பெயராகச் சுமந்துகொண்டு நிற்கிற தீவுகள் காலமற்றவையாம்.

குக் தன் நாட்குறிப்பில் இன்னொன்றையும் எழுதினார். ஒரு தீவின் மணற்கரையில் மனிதர்களையும், பக்கத்தில் மிதவைக் கட்டை பொருத்திய ஒரு தோணியையும் பார்த்ததாக. அவர்கள் ஙாரோ மக்கள். ஙகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்து. குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஔவையாரே தடுமாற வேண்டியிருந்தது. அந்த எழுத்தில் ஒரு ஜனத்தின் பெயரே தொடங்குகிறது. மரப்பட்டைகளைத் தைத்துச் செய்த தோணிகளில் தீவுக்குத் தீவு போய் வந்தவர்கள். ஹூக் தீவின் நாரா இன்லெட் என்ற கடற்கழியின் மேலே அவர்களுடைய குகை இருக்கிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அங்கே இருந்ததற்கு அகழ்வில் தடயம் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் கடல் இன்றைய உயரத்துக்கு வந்திருக்கவில்லை. இன்று தீவுகளாக இருப்பவை குன்றுகளாக இருந்து, கடல் ஏறி ஏறி அவற்றைப் பிரித்ததை அந்த ஜனம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. குமரிக் கண்டத்துக்காக மேடையில் உருகுகிற நமக்கு, மெய்யாகவே கடல்கோளைக் கண்ட ஒரு ஜனத்தின் வாசலில் நின்றபோது சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கடற்கழி காற்றுக்கு ஒதுக்கமானது என்பதால் பல படகுகள் இரவில் அங்கேதான் நங்கூரமிடும். எங்கள் படகும் அங்கே நின்றது. ஒயின் பெட்டிகள் காலியாயின, பாட்டு, கூத்து. காலையில் ஏறிப் பார்த்தேன். செங்குத்தான சின்ன ஏற்றம்தான். பாறையில் சிவப்பில் கட்டம் கட்டமாக, வலை மாதிரி கோடுகள். அதைப் பற்றி என் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி. நண்பரின் படகும் அங்கே நின்றிருக்கிறது. கழியின் பெயர் கட்டுரையில் வருகிறது. அவருடைய ஐந்தாவது கவிதை அந்த இரவைப் பற்றியதுதான். அதில் மனிதன் காலடி படாத மலைகள் நட்சத்திரங்களை ஏந்தி நிற்கின்றன.

மனிதன் காலடி படாத! காலடிகள் அழிக்கப்பட்டன என்பதுதான் விஷயம். 1861இல் போவன் ஊர் உண்டாகி, கரையெல்லாம் கால்நடைப் பண்ணைகள் பரவியபோது, வெள்ளை அதிகாரிகளின் கீழ் பழங்குடி ஆட்களையே சேர்த்து நடத்திய நேட்டிவ் போலீஸ் படை வந்தது. சில பத்தாண்டுகளில் தீவு வாழ்க்கை சிதறடிக்கப்பட்டது. ஙாரோ வழியினர் இன்றும் இருக்கிறார்கள். குகையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் படகிலிருந்து பார்க்கிறவனுக்குத் தீவுகள் காலியாகத் தெரிகின்றன. அந்தக் காலியிடம் இயற்கை அல்ல, ஒரு வேலைப்பாடு. அதைப் பார்த்துவிட்டு நம் கவிஞர் ஆதிமௌனம் என்கிறார்.

இன்னொரு பெயர். மார்ச் மாதம் அங்கே கொட்டும் சொறிகளின் பருவம். உடம்பு முழுக்க மூடுகிற மெல்லிய உடுப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். நண்பர் அந்த உடுப்பைத் தன் இரண்டாம் தோலாக ஆக்கி ஒரு முழுக் கவிதை எழுதியிருக்கிறார். அந்தத் தோல் எதற்கு அஞ்சிப் போட்டதோ அந்த நகம் அளவுச் சொறிக்கு இருக்கான்ஜி என்று பெயர். கெய்ன்ஸ் நகருக்கு வடக்கே கரையோரத்தில் வாழ்கிற இருக்கான்ஜி மக்களின் பெயரை, ஹ்யூகோ ஃப்ளெக்கர் என்ற மருத்துவர் 1952இல் அந்தக் கடியின் நோய்க்கு வைத்தார். அந்த நோயைக் கிளப்புவது இந்தச் சொறிதான் என்று காட்ட ஜாக் பார்ன்ஸ் என்ற இன்னொரு மருத்துவர் 1961இல் தன்னையும் தன் ஒன்பது வயது மகனையும் ஒரு கடற்கரைக் காவலரையும் கொட்ட வைத்து, மூவரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒரு ஜனத்தின் பெயரை உலகம் ஒரு கடியின் பெயராக மட்டும் அறிந்திருக்கிறது. இரண்டாம் தோலுக்கு அடியில் இத்தனை இருந்தது. கவிதையில் இருப்பது நண்பரின் தனிமை மட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் 'தீண்டப்படாத நீலம்' என்று பாடுகிற அதே கடலுக்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் ரிபல்ஸ் பே என்ற விரிகுடா இருக்கிறது. 1970இல் அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டத் திட்டமிட்டிருந்தார்கள். குவீன்ஸ்லாந்து அரசு பவளத்திட்டின் பெரும்பகுதியை எண்ணெய் தேடுகிறவர்களுக்குத் திறந்து விட்டிருந்த காலம். தொழிற்சங்கங்கள் அந்த வேலைக்கு யாரும் கை கொடுப்பதில்லை என்று தடை போட்டன. பிறகு விசாரணைக் கமிஷன். பிறகு 1975இல் கடற்பூங்காச் சட்டம். 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியல். இந்தச் சண்டையின் நடுவில் நின்றவர்களில் ஒருவர் ஒரு கவிஞர். ஜூடித் ரைட், 1915இல் பிறந்து 2000இல் இறந்தவர். அவரோடு ஜான் பஸ்ட் என்ற ஓவியர், லென் வெப் என்ற தாவர அறிஞர். இந்தப் போரை அவர் எழுதிய புத்தகம் 'த கோரல் பேட்டில்கிரவுண்ட்' 1977இல் வந்தது.

அதில் எனக்கு மிகவும் முக்கியமான அத்தியாயம் எலிசன் திட்டு. 1967இல் ஒரு கரும்பு விவசாயி, அந்தத் திட்டைத் தோண்டிச் சுண்ணாம்பு எடுத்து வயலுக்குப் போட அனுமதி கேட்டார். அது செத்துப்போன திட்டு, வெறும் சுண்ணாம்பு, ஆகவே எடுத்தால் நஷ்டமில்லை என்பது வாதம். எதிர்த்தவர்கள் கண்ணீர் விடவில்லை. இளைஞர்கள் சிலர் நீருக்குள் இறங்கினார்கள். கண்ணாடியும் குழாயும் மாட்டித்தான். எந்தப் பவளம் உயிரோடு இருக்கிறது, எந்த மீன், எந்தச் சிப்பி என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் எடுத்தார்கள். இன்னிஸ்ஃபெயில் ஊரின் சுரங்க நீதிமன்றத்தில் அந்தப் பட்டியல் சாட்சியாக நின்றது. செத்த பவளத்தின் மேலும் உயிர்கள் குடியிருக்கின்றன, திட்டின் ஒரு பகுதியை மட்டும் செத்தது என்று பிரிக்க முடியாது என்று நிபுணர்கள் சொன்னார்கள். அனுமதி மறுக்கப்பட்டது. (அப்போது பிரதமராயிருந்த ஹரால்ட் ஹோல்ட் இந்த ஓவியரின் சிநேகிதர், அவரும் முக்குளிப்பதில் பித்தர். அவரால் காரியம் ஆகும் என்று ஓவியர் நம்பியிருந்தார். அந்த டிசம்பரில் விக்டோரியாவில் கடலில் நீந்தப் போனவர் திரும்பவே இல்லை.)

ஆக, அதே கண்ணாடி, அதே குழாய். இரண்டு விதமான பார்வை. ஒன்று எண்ணுகிறது, தான் பார்த்ததற்கு ஒரு மன்றத்தில் நின்று பதில் சொல்லத் தயாராக இருக்கிறது. மற்றொன்று குப்புற மிதந்துகொண்டே தன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்நார்க்கெல் போட்டவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் உரக்கக் கேட்பது நம் மூச்சுதான். அதைக் கடலின் குரல் என்று எண்ணிக்கொள்வது சுலபம். மேலேயிருக்கிற காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு, முகம் மட்டும் நனைந்து, ஆழத்தைப் பார்த்ததாக எழுதப்படுகிற கவிதைகளைத்தான் ஸ்நார்க்கெல் கவிதைகள் என்கிறேன். இவை கடலைப் பற்றித்தான் எழுதப்பட வேண்டும் என்பதில்லை. கிராமத்தைப் பற்றியும், பாட்டியைப் பற்றியும், இமயமலையைப் பற்றியும் நம்மிடம் ஏராளமாக உண்டு.

இன்னிஸ்ஃபெயில் மன்றத்தில் நம் நண்பரின் மூன்றாவது கவிதையை யாராவது தாக்கல் செய்திருந்தால் அது எந்தப் பக்கத்தில் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பவளம் என்பது எலும்புத்தூள் என்பதுதானே விண்ணப்பதாரரின் கட்சியும்.

அப்படியானால் கவிஞன் கொடி பிடிக்க வேண்டும் என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. கொடி பிடித்த கவிதைகளில் பெரும்பாலானவை படிக்கச் சகிக்காதவை. ஜூடித் ரைட்டின் போராட்டங்கள் அவருடைய கவிதையைத் தின்றுவிட்டன என்று சொன்ன விமர்சகர்கள் அங்கேயும் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த அம்மாளின் முன்னோர்கள் பண்ணையார்கள். பழங்குடிகளின் நிலத்தில் மாடு மேய்த்தவர்கள். தன் குடும்ப வரலாற்றை 1959இல் ஒரு முறை எழுதினார். அது போதாது, அதில் யாருடைய குரல் விட்டுப்போயிற்று என்று தெரிந்ததும், 1981இல் 'த க்ரை ஃபார் த டெட்' என்று திரும்ப எழுதினார். தன் பார்வையே பொய் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகம் அது. கவிஞனிடம் நான் கேட்பது கொடியை அல்ல, இந்தச் சந்தேகத்தை. நம் நண்பரின் ஏழு கவிதைகளிலும் அது ஒரு வரியில்கூட இல்லை. எல்லாவற்றையும் சந்தேகிக்கிற நவீனத்துவம் தன் கண்ணை மட்டும் சந்தேகிக்காமல் விட்டுவிட்டது.

தூரத்து ஊர்க் கதை என்று தள்ளவும் முடியாது. அந்தப் போவனுக்கு வடக்கே ஆபட் பாயிண்ட் துறைமுகம். உள்நாட்டில் அதானி தோண்டும் சுரங்கத்து நிலக்கரி 2021 கடைசியிலிருந்து அதன் வழியாகத்தான் கப்பலேறுகிறது. இன்னும் பக்கத்தில் வருகிறேன். எலிசன் திட்டுக்காக அங்கே வழக்காடிய அதே காலத்தில், மன்னார் வளைகுடாவில் முருகைக்கல்லை வெட்டி வெட்டித் தூத்துக்குடிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள், சுண்ணாம்புக்கு, சிமென்டுக்கு. 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001இல்தான் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஏறியது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன; பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். எழுபதுகளின், எண்பதுகளின் நம் சிறு பத்திரிகைகளைப் புரட்டினால் கடல் இல்லாத இதழ் அபூர்வம். அலை, கரை, நுரை, சிப்பி, இருள், எல்லையின்மை. கல்லை ஏற்றிக்கொண்டு வரும் ஒரு வள்ளத்தை எவனாவது பார்த்து எழுதியதாக என் நினைவில் இல்லை. நானும் அப்போது இரண்டு கடல் கவிதைகள் எழுதினேன். ஒன்றைத் தூத்துக்குடியில், கடற்கரையில் உட்கார்ந்தே எழுதினேன்.

கடைசியாக நண்பரின் ஏழாவது கவிதை. எல்லோரும் ஒருமுகமாகப் பாராட்டியிருப்பது இதைத்தான்; மொழி என்று பார்த்தால் எனக்கும் பிடித்திருக்கிறது. நீருக்கடியில் ஒரு பவளக்கிளை, விளக்கேற்றி வைத்ததுபோல் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் உள்ளிருந்து ஒளிர்வதைப் பார்க்கிறார். இந்த உலகத்தின் ஒளி அல்ல என்று வியக்கிறார். அது கடவுளாக இருக்கலாம் என்பதுவரை போய், போகாமல் நிறுத்திக்கொள்கிறார்.

பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அதற்கு உணவும் நிறமும் தருபவை அவைதான். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் கடல் சில வாரங்கள் சூடாக இருந்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடும். பிறகு வெள்ளை எலும்பு தெரியும், பட்டினி, சூடு குறையாவிட்டால் சாவு. சில பவளங்கள் வெளுத்துப்போகும் முன், வெயிலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பளிச்சென்ற நிறப்பொருள்களைச் சுரக்கும். ஊதா, இளஞ்சிவப்பு, நீலம். விளக்கேற்றி வைத்ததுபோல் இருக்குமாம். 2016, 2017, 2020, 2022 என்று அந்தத் திட்டு முழுவதும் வெளுத்த வருஷங்கள். அடுத்தது 2024. அந்த வருஷத்து வெளிறலைப் பூங்கா அதிகாரிகள் அறிவித்தது மார்ச் மாதம்.

நண்பர் பார்த்தது அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆரோக்கியமான பவளத்திலும் ஊதா நிறம் உண்டு. நான் போனபோது, 2017 மார்ச்சின் டெபி புயல் அடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும், அந்தக் குடாக்களில் நொறுங்கிய கிளைகள் பாசி பிடித்துக் கிடந்தன. ஒளிர எதுவும் இருக்கவில்லை. அவர் கூட வந்த வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏழாவது கவிதையின் கீழே தேதி மட்டும் போட்டிருக்கிறார், இடம் போடவில்லை. எந்தக் குடா, என்ன ஆழம், கிளையின் நுனி மட்டும் ஒளிர்ந்ததா முழுக் கிளையுமா, பக்கத்தில் வெள்ளையாக ஏதாவது இருந்ததா என்று எனக்கு ஒரு கார்டு போட்டால், விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு அவருக்குப் பதில் எழுதுகிறேன்.